மேசைக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுங்க

மும்பை மாட்டுங்காவுல குடியிருந்து அந்தேரிக்கு வேலைக்குப் போறேன். கணக்கு எழுதுற வேலை. போன மாசம் ஆபீஸ்ல கம்ப்யூட்டரையெல்லாம் தூக்கிட்டு ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்துட்டாங்க. "ட்ரெயின்லயே வேலை பார்க்கலாமே"ங்கிறார் மேனேஜர். காலையில தாதர்ல வண்டி மாறிப் பாருங்க சார், கையைத் தூக்கவே இடமிருக்காது.

2010-ல ஐபேட் வந்ததிலிருந்து இதே பேச்சுதான், கம்ப்யூட்டர் காலம் முடிஞ்சுதுன்னு. படம் வரையறவங்களுக்குச் சரி. என் தங்கச்சிக்கு அந்தப் பேனாதான் உசிரு. எனக்கு? வருஷக்கணக்கா எழுதி வச்ச எக்செல் மேக்ரோ, அதான் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பத் தானா செய்யுற கட்டளைங்க, ஒண்ணுகூட இதுல ஓடாது. அதை எழுதுற மொழியான விபிஏ டேப்லெட் எக்செல்லுல கிடையாது. பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் லெட்ஜரையும் பக்கத்துல பக்கத்துல வச்சா எழுத்து எறும்பு சைஸ். ஒரு கட்டத்தைத் தொட்டா அடுத்த கட்டம் திறக்குது. கீபோர்டைப் பார்க்காம நம்பர் தட்டின கை இது. இப்போ ஒவ்வொரு பூஜ்யத்தையும் தேடுது.

20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, அதான் மாசாமாசம் போடுற ஜிஎஸ்டி வரிக் கணக்குக்குக் கடைசி நாள். டிஜிட்டல் கையெழுத்துக்கு யுஎஸ்பி டோக்கனைச் சொருகணும், அதோட மென்பொருள் கம்ப்யூட்டர்லதான் ஓடும். ரிசப்ஷன்ல மிச்சமிருந்த ஒரே பழைய கம்ப்யூட்டர் முன்னாடி நாலு பேர் வரிசையில நின்னோம். என் முறை வந்தப்ப ராத்திரி ஒன்பதரை. அம்மா மூணு தடவை போன் பண்ணிட்டாங்க.

மீட்டிங்குக்கு டேப்லெட்டைத் தாராளமா எடுத்துட்டுப் போங்க. என் மேசையில மட்டும் அந்தப் பெரிய திரையையும் நம்பர் பேட் இருக்கிற கீபோர்டையும் வச்சிடுங்க. அடுத்த 20-ஆம் தேதிக்குள்ள.