குபியான்ஸ்க் பெயர்ப்பலகையும் பேச்சுவார்த்தை மேசையும்

2025 நவம்பர் 20 அன்று, கார்கிவ் மாகாணத்தின் குபியான்ஸ்க் நகரைத் தம் படைகள் கைப்பற்றிவிட்டதாக ரஷ்ய முப்படைத் தலைமைத் தளபதி கெராசிமோவ் அதிபர் புதினிடம் அறிவித்தார். டிசம்பர் 1 அன்று டொனெட்ஸ்க் மாகாணத்தின் போக்ரோவ்ஸ்க்கும் வீழ்ந்துவிட்டதாக மாஸ்கோ சொன்னது. மறுநாளே டிரம்பின் தூதர் விட்காஃபும் மருமகன் குஷ்னரும் கிரெம்ளினில் புதினுடன் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 12 அன்று, வீழ்ந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அதே குபியான்ஸ்க்கின் எல்லைப் பெயர்ப்பலகைக்கு முன்னால் செலன்ஸ்கி நின்று காணொளி வெளியிட்டார்; இரண்டு நாள் கழித்து பெர்லினில் அமெரிக்கத் தூதர்களைச் சந்தித்தார். இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறவருக்கு, இந்தப் போரில் வரைபடமே ஒரு தூதராக வேலை செய்கிறது என்பது விளங்கும்.

நண்பர்கள் பலர் ஒவ்வொரு நாளும் கள வரைபடத்தைத் திறந்து, ரஷ்யா பிடித்த பகுதியைக் காட்டும் சிவப்பு எத்தனை சதுர கிலோமீட்டர் நகர்ந்தது என்று பார்த்துவிட்டு, "இனி எத்தனை மாதம்?" என்று கணக்குப் போடுகிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் பார்த்துவந்தேன். ஆனால் 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் போர்முனையில், கோடு என்று ஒன்று பல இடங்களில் இப்போது இல்லை. இருபுறமும் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு ட்ரோன்களின் கண்ணில் படாமல் ஒரு வண்டிகூடப் போக முடியாது. இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழுக்கள் இடிந்த வீடுகளுக்குள் ஊடுருவி, நாள்கணக்கில் பதுங்கியிருக்கின்றன. ஒரே தெருவில் இரு தரப்பாரும் இருக்கும் ஊரை எந்த வண்ணத்தில் தீட்டுவது? அந்தத் தெளிவின்மையை எந்தத் தரப்பு தனக்குச் சாதகமாக முதலில் அறிவிக்கிறதோ, அதற்குப் பேச்சுவார்த்தை மேசையில் அன்றைய தினம் ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. ஆகவே நகரும் கோட்டைவிட, அந்தக் கோடு ஆறு மாதத்துக்குப் பிறகு எங்கே இருக்கும் என்று எதிராளியை நம்பவைப்பதுதான் இங்கே நடக்கும் உண்மையான பேரம் என்பது என் கருத்து.

இது புதிய பழக்கமும் அல்ல. 2014 ஆகஸ்டு இறுதியில், கிழக்கு உக்ரைனில் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகளுடன் நடந்த போரில், இலோவாய்ஸ்க்கில் உக்ரைன் படை சுற்றிவளைக்கப்பட்டுப் பெரும் இழப்பைச் சந்தித்தது. செப்டம்பர் 5 அன்று போர்நிறுத்தத்துக்கான முதல் மின்ஸ்க் உடன்பாடு கையெழுத்தானது. 2015 பிப்ரவரி 12 அன்று இரண்டாவது மின்ஸ்க் உடன்பாடு முடிவானபோது, தெபால்ட்செவே என்ற ரயில் சந்திப்பு நகரைச் சுற்றிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. போர்நிறுத்தம் பிப்ரவரி 15 அன்று அமலுக்கு வந்ததாகக் காகிதம் சொன்னது; அந்நகருக்கு உடன்பாடு பொருந்தாது என்று பிரிவினைவாதிகள் சொன்னார்கள்; பிப்ரவரி 18 அன்று உக்ரைன் படை அங்கிருந்து வெளியேறியது. அதாவது, மை காய்வதற்குள் கோடு நகர்ந்துவிட்டது. அந்த உடன்பாட்டின் ஒன்பதாம் பிரிவு, பிரிவினைவாதிகள் பகுதியில் ரஷ்யாவுடனான எல்லையின் கட்டுப்பாடு உக்ரைனிடம் திரும்புவது உள்ளூர்த் தேர்தலுக்கு மறுநாள்தான் தொடங்கும் என்றது. எல்லை கையில் இல்லாமல் தேர்தலை எப்படி நடத்துவது என்று கீவ் கேட்டது. தேர்தல் நடக்காமல் எல்லை கிடையாது என்று மாஸ்கோ சொன்னது. எது முதலில் என்ற அந்த ஒரு கேள்வியில் ஏழு ஆண்டுகள் கழிந்து, 2022 பிப்ரவரி 24 அன்று முழுப்போராக வெடித்தது.

2022 மார்ச் இறுதியில் இஸ்தான்புல்லில் நடந்த ரஷ்ய-உக்ரைன் பேச்சில் சமாதானம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது, மேற்குலகம்தான் அதைக் கெடுத்தது என்று தமிழிலும் பலர் எழுதுகிறார்கள். மேற்குலகத்தைக் குறைசொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் பின்னர் வெளியான வரைவுகளைப் பார்த்தால் முடிச்சு எங்கே விழுந்தது என்பது தெரிகிறது. உக்ரைன் மீண்டும் தாக்கப்பட்டால் உத்தரவாதம் அளித்த நாடுகள் உதவிக்கு வரலாம், ஆனால் அந்நாடுகள் அனைத்தும் ஒப்பவேண்டும் என்று ரஷ்யா திருத்தம் கேட்டது. உத்தரவாதம் அளிக்கும் நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று! திருடனின் சம்மதம் வாங்கிக்கொண்டு காவலரைக் கூப்பிடுகிற ஏற்பாட்டை, தன் எல்லைகள் மதிக்கப்படும் என்ற 1994 புடாபெஸ்ட் உறுதிமொழியை நம்பி அணு ஆயுதங்களை விட்டுக்கொடுத்த நாடு ஏற்றிருந்தால்தான் வியப்பு.

தரையைவிட எனக்குப் பாடமாகத் தெரிவது கடல். 2022 ஜூலை 22 அன்று ஐ.நா.வும் துருக்கியும் நடுநின்று முடித்த கருங்கடல் தானிய உடன்பாட்டின்கீழ் ஏறத்தாழ 3.3 கோடி டன் தானியமும் பிற உணவுப் பொருள்களும் வெளியேறின. இந்தப் போரின் ஆகச் சிறந்த இராஜதந்திர வெற்றி அதுதான் என்று அன்று நானே எழுதியிருக்கிறேன். 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா அதிலிருந்து விலகியபோது, கப்பல் போக்குவரத்து நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். நடந்தது வேறு. அதற்கு முன்பே ரஷ்யாவின் மாஸ்க்வா போர்க்கப்பல் மூழ்கியிருந்தது. பாம்புத் தீவிலிருந்து ரஷ்யர்கள் வெளியேறியிருந்தார்கள். உக்ரைனின் கடல் ட்ரோன்களும் ஏவுகணைகளும் ரஷ்யக் கருங்கடல் கடற்படையின் பெரும்பகுதியை செவஸ்தபோலிலிருந்து நோவோரோசீஸ்க்கை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தன. ஆகஸ்டு மாதமே உக்ரைன், ருமேனியா, பல்கேரியா கரைகளை ஒட்டித் தன் சொந்தக் கடல்வழியைத் திறந்தது. சொல்லிக்கொள்ளும்படி ஒரு போர்க்கப்பலும் இல்லாத நாடு, யாரிடமும் கையெழுத்து வாங்காமல் தானியத்தை ஏற்றுமதி செய்தது. கடலில் முன்னரங்கு நகர்ந்திருந்ததால், உடன்பாடு முறிந்தும் வழி அடைபடவில்லை. தெபால்ட்செவேயில் களம் உடன்பாட்டைத் தோற்கடித்தது. இங்கே களம் உடன்பாட்டின் தேவையையே போக்கிவிட்டது.

இனி, இப்போதைய பேரத்தின் மையத்துக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டு 15 அன்று அலாஸ்காவில் புதினும் டிரம்பும் சந்தித்தது முதல், நவம்பரில் வெளிவந்த அமெரிக்காவின் 28 அம்சத் திட்டம் வரை, திரும்பத் திரும்ப வரும் கோரிக்கை ஒன்றுதான்: டொனெட்ஸ்க் மாகாணத்தில் இன்னும் தன் கையிலிருக்கும் பகுதியை விட்டு உக்ரைன் தானாக வெளியேற வேண்டும். ஸ்லோவியான்ஸ்க், கிராமடோர்ஸ்க், துருஷ்கிவ்கா, கோஸ்டியன்டினிவ்கா என்று வடக்கிலிருந்து தெற்காக நீளும் அந்த நகரங்கள், 2014இல் ஸ்லோவியான்ஸ்க் மீட்கப்பட்டது முதல் அரண் செய்யப்பட்டுவருபவை. நம் புறத்திணை மரபில் அரணை முற்றுகிறவன் சூடுவது உழிஞை, உள்ளிருந்து காக்கிறவன் சூடுவது நொச்சி. நொச்சி சூடியவனிடம் பூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ என்று கேட்பதற்குப் பெயர் எந்தத் திணையிலும் இல்லை. அந்த அரண் வரிசைக்கு மேற்கே பெரிதும் திறந்த வெளிதான். அதைக் கையெழுத்தால் கொடுத்துவிட்டால், அடுத்த போரை எதிராளி வசதியான இடத்திலிருந்து தொடங்கலாம். களத்தில் விரைவாகப் பெற முடிந்ததை எவரும் மேசையில் இத்தனை விடாப்பிடியாகக் கேட்பதில்லை.

உக்ரைனின் கையும் வலுவாக இல்லை என்பதை மறைப்பதற்கில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தில் உதவி மசோதா முடங்கிக் கிடந்த குளிர்காலத்தில், குண்டுகள் தட்டுப்பாடான நிலையில், 2024 பிப்ரவரியில் டொனெட்ஸ்க் மாகாணத்தின் அவ்தீவ்கா நகரை இழந்தார்கள். ஏறத்தாழ 6,100 கோடி டாலர் உதவிக்கு அனுமதி கிடைத்தது ஏப்ரலில். 2025 பிப்ரவரி 28 வெள்ளை மாளிகை வாக்குவாதத்துக்குப் பின் சில நாள்கள் ஆயுதமும் உளவுத் தகவலும் நிறுத்தப்பட்டன. ஜெட்டா சந்திப்பில் 30 நாள் போர்நிறுத்தத்துக்கு உக்ரைன் இசைந்த மார்ச் 11 அன்றுதான் அவை மீண்டன. அதே வாரத்தில், உக்ரைன் பிடித்துவைத்திருந்த ரஷ்யாவின் கூர்ஸ்க் மாகாணத்துச் சுட்ஜா நகரம் கைநழுவியது. அதற்கு அந்தத் தடையே முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன். அங்கே விநியோகப் பாதை முன்பே நெரிபட்டிருந்தது. ஆனாலும், பேரம் பேசும் சரக்காக வைத்துக்கொள்ளலாம் என்று 2024 ஆகஸ்டில் பிடித்த ரஷ்ய நிலம், பேரம் சூடுபிடிக்கும் நேரத்தில் கையில் இல்லை.

இருப்பதை இருந்தபடி நிறுத்துங்கள் என்பது எளிதாகத் தோன்றும். ஆனால் டொனெட்ஸ்க், லுகான்ஸ்க், சாபோரிஜியா, கெர்சோன் என்ற நான்கு உக்ரைன் மாகாணங்களையும், கைப்பற்றாத பகுதிகள் உட்பட, ரஷ்யா தன் அரசியலமைப்பில் எழுதிவைத்திருக்கிறது. உக்ரைன் அரசியலமைப்போ நாடு தழுவிய வாக்கெடுப்பில்லாமல் எல்லையை மாற்ற இடம் தருவதில்லை. கொரியப் போரில் 1951 ஜூலையில் பேச்சு தொடங்கியபின் கோடு அதிகம் நகரவில்லை. ஆயினும் கைதிகள் சிக்கலில் இழுபட்டு, இரண்டாண்டு கழித்துத்தான் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

மின்ஸ்க் கோட்டைக் கண்காணித்தவர்கள் ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் ஆயுதமற்ற பார்வையாளர்கள். மீறல்களை எண்ணி எழுதுவதற்கு மேல் அவர்களுக்கு அதிகாரமில்லை. எனவே அடுத்த வரைவு வெளிவரும்போது, எந்த ஊர் யாருக்கு என்ற பத்தியைத் தள்ளிவைத்துவிட்டு, கோட்டைக் காப்பது யார், மீறினால் எத்தனை மணி நேரத்தில் என்ன செய்வார்கள் என்ற பத்தியைத்தான் நான் முதலில் தேடுவேன்.