ஐந்து பேரின் குரலும் கேட்க வேண்டும்

முதலாம் ஆண்டுப் பொது ஆங்கில வகுப்பில் மாணவர்களை ஐவர் ஐவராகப் பிரித்து, ஒரு குடும்பக் கதையை மூன்று நிமிடக் காணொளியாக ஆங்கிலத்தில் சொல்ல வைக்கும் பயிற்சியைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இதில் காணொளியின் அழகுக்கு மதிப்பெண் தருவது தவறு, எழுத்துப்படிக்கும் குரலுக்குமே தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் முறை அந்தத் தவற்றை நானே செய்தேன். ஒவ்வொரு குழுவிலும் ஆங்கில வழியில் படித்து வந்த ஒருவர் எழுதினார், எடிட்டிங் தெரிந்த ஒருவர் தொகுத்தார், மற்ற மூவரின் பெயர்கள் கடைசியில் திரையில் ஓடின. பேசத் தயங்குபவர்களுக்காகத் தொடங்கிய பயிற்சியில் அவர்கள் ஒரு வரிகூடப் பேசவில்லை. அதனால் அடுத்த முறை, எழுத்துப்படியைக் கூகுள் டாக்ஸில் சேர்ந்து எழுத வேண்டும், அவரவர் பகுதியை அவரவர் குரலிலேயே பதிவு செய்ய வேண்டும் என்று விதித்தேன். எந்த வரியை யார் திருத்தினார் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

அந்த முறை ஒரு மாணவி, உப்பளத்தில் வேலை பார்த்த தன் பாட்டியைப் பற்றி எழுதினார். "விடியுமுன்னே பாட்டி உப்பளத்துக்குப் போவார்" என்று தமிழில் சொன்னால் அது அன்றைய வழக்கத்தையும் குறிக்கும். அந்தப் 'போவார்' அப்படியே 'வில் கோ' ஆகியிருந்தது. நான் சிவப்பு மையால் சுழித்திருந்தால் திருத்திவிட்டு மறந்திருப்பார். பதிவை ஓட்டிப் பார்த்தபோது திரையில் பாட்டியின் மாலை போட்ட படம், காதில் 'வில் கோ'. "பாட்டிதான் தவறிட்டாங்களே, இது நாளைக்குப் போவாங்கன்னுல்லா இருக்கு" என்றார் பக்கத்திலிருந்த தோழி. 'வென்ட்' என்று போட்டால் ஏதோ ஒரு நாள் போனது போலாகிவிடும் என்று இன்னொருவர் மறுத்தார். அரை மணி நேரம் வாதிட்டு, முன்பு வழக்கமாகப் போவார் என்று பொருள்படும் 'யூஸ்டு டு கோ' என்பதற்கு வந்து சேர்ந்தார்கள். வாதம் முழுவதும் தமிழில்தான் நடந்தது. ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்று அதை நிறுத்தியிருந்தால், அந்த இலக்கணம் அவர்களுக்குக் கிடைத்தே இருக்காது.

சொந்தக் கதையைச் சொந்தக் குரலில் குறுங்காணொளியாக்கும் இந்த முறைக்கு டிஜிட்டல் கதைசொல்லல் என்று பெயர். 1990களில் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி என்ற அமெரிக்கக் கலைஞர்கள் சான் பிரான்சிஸ்கோவில் இதை வளர்த்தெடுத்தபோதும், வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கதையை மற்றவர்கள் கேட்பதே அதன் உயிராக இருந்தது. ஆசிரியர்களாகிய நாமோ காணொளி தொகுக்கும் செயலியைக் கற்பிப்பதிலேயே பாதி வகுப்புகளைச் செலவிட்டுவிடுகிறோம். எழுத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவே ஒரு நிமிடத்தில் தந்துவிடும் இந்நாளில், மாணவரின் சொந்தக் குரலை நான் முன்னிலும் கண்டிப்பாகக் கேட்கிறேன்.

அந்த மாணவி தன் ஆறு வரிகளை விடுதி மொட்டை மாடியில் நின்று பதினொரு முறை பதிவு செய்தார். இறுதிப் பதிவில் காற்றின் இரைச்சல் இருக்கிறது, ஓரிடத்தில் குரல் உடைகிறது. குழுவினர் அதை வெட்டாமல் விட்டிருந்தார்கள். முழு மதிப்பெண் கொடுத்தேன்.