பயந்தாங்கொள்ளி அங்கிள் எழுதுவது

எழுதவே கூடாது என்று மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை. டாலஸிலிருந்து இல்லினாய் மாநிலத்துச் சிகாகோவுக்குக் காரில் போன நம் தம்பி ஒருவர், இடுப்பில் துப்பாக்கி வெளியே தெரியும்படி நின்று போட்ட ரீல்களைப் பற்றித்தான். அவற்றைப் பார்க்காதவர் என் நட்பு வட்டத்தில் யாரும் இருக்க வாய்ப்பில்லை. அப்படியே இருந்தாலும், தம்பிக்கு நான் தனியாக அனுப்பிய செய்தியின் ஸ்கிரீன்ஷாட் அவருக்கும் வந்து சேர்ந்திருக்கும், சிரிக்கும் பொம்மைகளோடு.

அந்தச் செய்தியில் இருந்தது இவ்வளவுதான்: "தம்பி, ரெண்டாவது ரீலை எடுத்துடுங்க. இல்லினாயில் அது குற்றம். வண்டிக்குள்ள பூட்டி வைங்க." இதற்குத்தான் "பயந்தாங்கொள்ளி அங்கிள்கள்" என்று தம்பி ஒரு தனிப்பதிவு போட்டார். பயந்தாங்கொள்ளியைக்கூட விட்டுவிடலாம். போன தீபாவளி வரை அண்ணன், இப்போது அங்கிள்.

நான் துப்பாக்கிக்கு எதிரி இல்லை. எட்டு வருடமாக என்னிடமும் ஒன்று இருக்கிறது. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாட லைசென்ஸ் தேவையில்லை என்று ஆன பிறகும், காசு கட்டிப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். அடுத்த மாநிலத்துக்குப் போனால் காட்டுவதற்கு அந்த அட்டையாவது வேண்டுமே என்றுதான். நான் சொல்வது ஒரே ஒரு விஷயம். டாலஸில் இடுப்பில் கட்டியதை அப்படியே சிகாகோ வரை கட்டிக்கொண்டு போக முடியாது. டிரைவிங் லைசென்ஸ் போல இது ஐம்பது மாநிலத்துக்கும் செல்லுபடியாகும் சமாச்சாரம் இல்லை. மாநில எல்லையோடு அது முடிகிறது.

முதல் ரீலை நான் குறை சொல்லவே இல்லை. ஒக்லஹோமாவில் ஏதோ ஒரு பெட்ரோல் பங்க். அங்கே 2019 நவம்பரிலிருந்து லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் தெரிய வைத்துக்கொள்ளலாம். எனக்கு ரசிக்கவில்லை, ஆனால் குற்றம் இல்லை. அடுத்து மிசௌரி. அங்கேயும் 2017லிருந்து லைசென்ஸ் வேண்டாம். ஆனால் லைசென்ஸ் இல்லாதவர் வெளியே தெரியும்படி வைத்துத் திரிவதை உள்ளூர் நகராட்சிகள் தடுக்கலாம் என்று மாநிலச் சட்டமே விட்டுக்கொடுத்திருக்கிறது. செயின்ட் லூயிஸ் நகரம் 2023இல் தடுத்தும் விட்டது. அந்த ஊரின் அடையாளமான ஆர்ச் வளைவுக்குக் கீழே நின்று எடுத்த அந்தப் போட்டோ இருக்கிறதே, அதற்கே நான் கொஞ்சம் எச்சில் விழுங்கினேன். சரி, அதையும் விடுங்கள்.

பிறகு மிசிசிப்பி ஆறு. அதற்கு அந்தப் பக்கம் இல்லினாய். பாப்ளர் ஸ்ட்ரீட் பாலத்தில் ஏறி இறங்க இரண்டு நிமிடம் ஆகுமா? அந்த இரண்டு நிமிடத்தில் இடுப்பு மாறவில்லை, பெல்ட் மாறவில்லை, துப்பாக்கி மாறவில்லை. சட்டம் மாறிவிட்டது. இல்லினாயில் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்வது யாருக்கும் கிடையாது, அந்த மாநிலத்து லைசென்ஸ் வைத்திருப்பவருக்கும் சேர்த்து. வெளிமாநில லைசென்ஸ் எதையும் அவர்கள் ஏற்பதில்லை. தகுதியுள்ள வெளிமாநிலத்தவர் வண்டிக்குள் மறைத்து வைத்துக்கொள்ள மட்டும் ஒரு விலக்கு உண்டு. இறங்கினால் வண்டியிலேயே பூட்டிவிட்டு இறங்க வேண்டும். தம்பி என்ன செய்தார்? ரெஸ்ட் ஏரியாவில் கையில் காபியோடு நிற்கிறார். சட்டையின் வலது ஓரத்தை மட்டும் துப்பாக்கியின் பிடிக்குப் பின்னால் செருகியிருக்கிறார். தெரிய வேண்டுமே! பின்னால் குழந்தை சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறது.

லோடு செய்த துப்பாக்கியோடு அப்படி நின்று பிடிபட்டால் அங்கே அது ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தம்பிக்கு போன வருடம்தான் கிரீன் கார்டு வந்தது. ரகசியத்தைச் சொல்லவில்லை, கேக் வெட்டிய படத்தை அவரே போட்டிருந்தார். கிரீன் கார்டு வைத்திருப்பவர் துப்பாக்கிச் சட்டத்தை மீறித் தண்டனை பெற்றால் நாடு கடத்தலாம் என்று குடியேற்றச் சட்டத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பத்து வருடக் காத்திருப்பு ஒரு ரீலில் போகும். இதைச் சொன்னால் நான் பயந்தாங்கொள்ளி. ஆமாம், பயம்தான். உங்களுக்காகத்தான் பயந்தேன்.

"இரண்டாம் திருத்தம் தெரியுமா அங்கிள்? 2022 தீர்ப்பு தெரியுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். தெரியும் ஐயா. ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத் திருத்தம் அது. பொது இடத்தில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, தனிக் காரணம் காட்டினால்தான் லைசென்ஸ் என்று நியூயார்க் சொல்ல முடியாது என்றது அந்தத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம். டெக்சாஸ் லைசென்ஸை இல்லினாய் ஏற்க வேண்டும் என்று அது எங்கே சொன்னது? ஒரு மாநில லைசென்ஸை எல்லா மாநிலமும் ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் தேறியது. செனட்டைத் தாண்டவில்லை. பயணத்துக்கென்று இருப்பது 1986இல் வந்த கூட்டாட்சிச் சட்டம். கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் உங்களுக்கு உரிமை இருந்தால், நடுவில் இருக்கும் மாநிலங்கள் வழியாகக் கொண்டு போகலாம். எப்படி? தோட்டாவை எடுத்துவிட்டு, கைக்கு எட்டாத இடத்தில். டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில். முன்னால் இருக்கும் குட்டி அறையில் வைத்துப் பூட்டினால்கூட அது கணக்கில் சேராது. இடுப்பு எந்தக் கணக்கில் சேரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பிலடெல்ஃபியாவில் ஒரு பெண். தனியாகக் குழந்தைகளை வளர்ப்பவர். பென்சில்வேனியா லைசென்ஸ் இருந்தது. 2013இல் நியூ ஜெர்சிக்குள் போனபோது போலீஸ் நிறுத்தியது. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தானாகவே சொன்னார். நேர்மையாகத்தான் இருந்தார். கைது, நாற்பது நாளுக்கு மேல் சிறை, குறைந்தபட்சம் மூன்றரை வருடத் தண்டனை தலைக்கு மேல் தொங்கியது. கடைசியில் நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ்டி 2015இல் மன்னிப்பு கொடுத்தார். அவர் கதை செய்தித்தாளில் வந்ததால் மன்னிப்பு. உங்கள் கதை வாட்ஸப் குழுவில்தான் வரும்.

எங்கள் தாத்தாவுக்கு கம்பம் பக்கத்தில் காட்டுப்பன்றி விரட்ட ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் வந்தால் போதும், பழைய வேட்டியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதை மடித்துக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொள்வார். ஏலத்தோட்டம் குமுளிக்கு அந்தப் பக்கம், கேரளாவில். அங்கேயும் பன்றிதான், இன்னும் சொன்னால் அங்கேதான் அதிகம். ஆனால் துப்பாக்கி ஒருநாளும் குமுளி செக்போஸ்டைத் தாண்டியதில்லை. லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும்தான். ஏன் தாத்தா என்று சின்ன வயதில் கேட்டேன். "அந்தப் பக்கம் போனா அது வெறும் இரும்புக் குழாய்டா, நான் திருடன்" என்றார். நாலாம் வகுப்பு படித்த மனிதர்.

துப்பாக்கியே வேண்டாம் என்று எனக்குப் பாடம் எடுக்க வந்தவர்களுக்கு இன்றைக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அது வேறு சண்டை.

ஆனால் ஒரு தோழி கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. "2017இல் கன்சாஸ் ஒலேத்தியில் நம்ம நாட்டுப் பையனை, வேலை முடிந்து பாரில் உட்கார்ந்திருந்தவனை, என் நாட்டை விட்டுப் போ என்று கத்திச் சுட்டானே, மறந்துவிட்டீர்களா?" மறக்கவில்லை. அந்தச் செய்தி வந்த மறு வருடம்தான் நான் துப்பாக்கி வாங்கினேன். என் மனைவிக்கே இதுவரை இந்தக் காரணத்தைச் சொன்னதில்லை, விலை குறைந்திருந்தது என்று சொல்லிவைத்தேன். தோழிக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் இடுப்பில் வெளியே தெரிய வைத்தால் அந்த மாதிரி ஆள் ஒதுங்கிப் போவான் என்று நினைக்கிறீர்களே, அவனுக்கு மட்டும்தான் அது தெரியுமா? எதிரே வருகிற எல்லாருக்கும் தெரியும். போலீசுக்கும் தெரியும்.

ஒரு முறை ஒக்லஹோமாவில் 69ஆம் நெடுஞ்சாலையில், மக்கலெஸ்டர் தாண்டி, இரவு பதினொரு மணிக்கு என்னை நிறுத்தினார்கள். வேகம் கொஞ்சம் கூடிவிட்டது. துப்பாக்கி சட்டைக்கு உள்ளே. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று வீட்டில் சொல்லிப் பழகிய அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பேசி முடிக்கும் வரை அவர் வலது கை அவருடைய உறையிலிருந்து நகரவில்லை. பக்கத்தில் என் மனைவியின் வளையல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மனைவி ஏன் நடுங்கினார் என்று எனக்குத் தெரியும். 2016இல் மினசோட்டாவில் போலீஸ் நிறுத்திய ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற கறுப்பினத்தவரும் லைசென்ஸ் வைத்திருந்தவர்தான். துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னவர்தான். காருக்குள்ளேயே சுடப்பட்டு இறந்தார். சுட்ட அதிகாரி மறு வருடம் விடுதலை.

"வெள்ளைக்காரன் இப்படி நின்றால் கேட்பீர்களா?" என்றும் ஒரு கேள்வி. கேட்க மாட்டேன். அவர் என் தம்பி இல்லை. அப்புறம், சட்டப் புத்தகம் ஒன்றாக இருந்தாலும் அதை எடுத்துப் புரட்டுகிற கை எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. கலிஃபோர்னியாவில் 1967 வரை லோடு செய்த துப்பாக்கியோடு தெருவில் போகலாம். ஓக்லண்டில் கறுப்பின இளைஞர்கள், பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள், அதே உரிமையோடு போலீசின் பின்னால் நடக்க ஆரம்பித்ததும் சட்டம் மாறியது. கையெழுத்துப் போட்டது அப்போது அங்கே ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன். இந்த நாட்டு வரலாறு நமக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

போட்டுக் கொடுக்கப் பார்க்கிறீர்களா என்று ஒருவர் கேட்டதுதான் ரொம்ப வலித்தது. போட்டுக் கொடுப்பவன் எதற்காக ரீலை எடுத்துவிடச் சொல்வான்? அவருக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். ஹெச்1பியில் இருந்தபோது கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த விசாவில் பொதுவாகத் தொடவே கூடாது தம்பி, பொறுங்கள் என்று மூன்று வருடம் நிறுத்தி வைத்தேன். கார்டு வந்த வாரமே துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனேன். விரலை டிரிக்கரில் வைக்காதீங்க, நீட்டி வைங்க என்று அன்று மட்டும் நாற்பது தடவை சொல்லியிருப்பேன். முதல் குண்டு காகிதத்திலேயே படவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம்.

அன்று அவர் கழற்றி வைத்த காது மூடி இன்னும் என் டிக்கியில்தான் கிடக்கிறது, நீல நிறம், ஒரு பக்கம் பஞ்சு பிய்ந்தது. அவர் என்னை பிளாக் செய்திருப்பதால் இந்தப் பதிவு அவருக்குத் தெரியாது. பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன்.