நிழல் விழும். அதைச் சொன்ன பிள்ளையை அடக்கியதுதான் தவறு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டை மாடியில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். நேற்று ராத்திரி வரை குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் ஓடிய பேச்சைப் பார்த்தபிறகு முடியவில்லை. உங்களில் பாதிப் பேர் அந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள். மீதிப் பேருக்கு இந்நேரம் ஸ்க்ரீன்ஷாட் வந்திருக்கும். அதனால் முழுக்கதையும் சொல்லவில்லை. சுருக்கம் இதுதான்: ஆளுக்கு ஓர் ஆச்சரியமான தகவல் சொல்லும் விளையாட்டில், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின், அதாவது கருவறைக்கு மேலே எழும்பும் கோபுரத்தின், நிழல் தரையில் விழாது என்று குடியிருப்புப் பெரியவர் ஒரு சார் சொன்னார். ஓர் ஏழாம் வகுப்புப் பெண் விழும் என்றாள், அவளை அடக்கிவிட்டார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழும். எத்தனை பேர் எத்தனை வருஷமாக இல்லை என்று சொன்னாலும் விழும். அதைத்தான் அந்த ஏழாம் வகுப்புப் பெண் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் குழுவில் "எதிர்த்துப் பேசினாள்" என்று எழுதியிருக்கிறார்கள். அவள் சொன்னது இதுதான்: "அங்கிள், நாங்க மே மாசம் போயிருந்தோம். செருப்பு இல்லாம நடக்கவே முடியல, தரை அப்படிச் சுட்டுது. கோபுரத்தோட நிழல் விழுந்த இடம் மட்டும் சுடல. நானும் தம்பியும் அங்கயேதான் நின்னுட்டிருந்தோம்."

இதில் எது மரியாதைக் குறைவு? உள்ளங்காலில் உணர்ந்ததைச் சொன்னாள். அதற்கு அந்த சார் சொன்ன பதில், "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசக் கூடாது." நாலு பேர் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் முறை வந்தபோது "எனக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி" என்றாள்.

இந்த விளையாட்டுக்கு விதி ரொம்பக் கொஞ்சம். ஆளுக்கு ஓர் ஆச்சரியமான தகவல் சொல்ல வேண்டும். மற்றவர்கள் நம்புகிறேன், நம்பவில்லை என்று கை தூக்க வேண்டும். யாராவது "எப்படித் தெரியும்?" என்று கேட்டால் சொன்னவர் பதில் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது விதிதான் விளையாட்டே. அதை எடுத்துவிட்டால், வாட்ஸாப்பில் வந்ததை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் தலையாட்டுகிற கூட்டம்தான் மிஞ்சும்.

இது நான் கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. எண்பதுகளில் கரண்ட் போனால் எங்கள் அப்பா எல்லோரையும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அவர் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். மாடியில் ஒவ்வொருவரும் ஒரு சங்கதி சொல்ல வேண்டும், சந்தேகம் வந்தால் அது கடன். அடுத்த விடுமுறையில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்க் கடனைத் தீர்க்க வேண்டும். ஒருநாள் அப்பா, "வௌவாலுக்குக் கண் தெரியாது" என்றார். நான் நம்பவில்லை என்று கை தூக்கினேன். எனக்கு அப்போது பதினோரு வயது. எங்கள் தெரு ஆலமரத்துப் பழவௌவால் ஒன்று என்னையே பார்த்தது போலிருந்தது, அவ்வளவுதான் என் ஆதாரம். நூலகத்தில் ஒரு தடிப் புத்தகத்தைப் பிரித்து இருவரும் படித்தோம். வௌவாலுக்குக் கண் நன்றாகவே தெரியும், பழம் தின்கிற பெரிய வௌவால்கள் கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் இரை தேடுகின்றன என்று போட்டிருந்தது. அடுத்த தடவை கரண்ட் போனபோது அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "போன வாரம் நான் சொன்னது தப்பு. பாப்பா கண்டுபிடிச்சா" என்றார். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த இருட்டில் கேட்ட அவர் குரல் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை என் குரல் உயர்ந்தது. உயர்ந்தது உண்மை, மறுக்கவில்லை. அதற்காக அந்த சாரிடம் அன்றைக்கே வருத்தம் தெரிவித்தேன். ஆனால் சொன்ன விஷயத்தை வாபஸ் வாங்க மாட்டேன்.

"கோயில் பெருமையைக் குறைக்கப் பார்க்கிறார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது என்னை ரொம்பவே காயப்படுத்தியது. அந்தக் கோயிலுக்கு எத்தனையோ தடவை போய் நின்றவள் நான். ராஜராஜ சோழன் 1010ஆம் ஆண்டு வாக்கில் கட்டி முடித்த கோயில் அது. தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன அரசன் அவன். சோழநாட்டுக் கோயில்களிலிருந்து வரவழைத்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலில் ஆடிச் சேவை செய்த பெண்களின்) பெயர் ஒவ்வொன்றும் அந்தச் சுவரில் இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு அவளுக்கு என்பது வரைக்கும் வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் (அந்தக் கால முகத்தல் அளவு) நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆடிய ஒரு பெண்ணின் வீட்டு எண் நமக்குத் தெரியும்! இதைவிட ஆச்சரியம் வேண்டுமா? இவ்வளவு உண்மை சுவர் முழுக்க இருக்கும்போது, நிழல் விழாது என்ற பொய்யால் அந்தக் கோயிலுக்கு என்ன பெருமை சேரப்போகிறது?

நிழல் கதை எப்படிக் கிளம்பியிருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். விமானம் அடியில் அகலம், மேலே போகப்போகக் குறுகல். சூரியன் தலைக்கு நேரே வருகிற நாட்களில் உச்சிப் பொழுதின் நிழல் அதன்மேலேயே விழுந்துவிடும். காலையிலும் மாலையிலும் போய்ப் பாருங்கள், முற்றத்தில் நீளமாகக் கிடக்கும். நிழலே விழாத நொடி நம் சென்னையிலும் உண்டு. வருஷத்தில் இரண்டு நாள், ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். இந்த ஏப்ரலில் இதே மொட்டை மாடியில் இதே பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பிவிசி குழாய்த் துண்டை நிறுத்திவைத்துப் பார்த்தோம். பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் அதன் நிழல் ஒதுங்கி ஒதுங்கி அடியிலேயே மறைந்தது. குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் வெளிச்சம் நேராகத் தரையில் வட்டமாக விழுந்திருந்தது. முதலில் கத்தியது இந்தப் பெண்தான். நிழலைப் பற்றிப் பேச அந்த மாடியில் மற்ற எல்லோரையும்விட அவளுக்குத் தகுதி இருந்தது.

"எல்லாம்தான் கூகுளில் இருக்கிறதே, இதற்கெல்லாம் கூடி உட்கார வேண்டுமா" என்று கேட்டவருக்கு: கூகுளில் எங்கள் இஸ்திரிக்கார அண்ணன் இல்லை. 'அவன் ஒரு எம்டன்' என்கிறோமே, அது 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம் துறைமுகத்துப் பக்கம் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்த ஜெர்மன் கப்பலின் பெயர் என்று அவர் சொன்ன அன்று பாதிப் பேர் நம்பவில்லை. மறுவாரம் மூன்று பையன்கள் அதன் நினைவாக உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் பதித்திருக்கும் கல்லைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவரிடம் சொன்னார்கள். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"விளையாட்டுத்தானே, இவ்வளவு சீரியஸாக எடுக்கணுமா?" இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். எடுக்கணும். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக ஒரு பொய் இன்னும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் வருகிறது. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. சரி, அதில் யாருக்கும் சேதமில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் அதே கை, அதே நம்பிக்கையோடு, சர்க்கரைக்கு மாத்திரை வேண்டாம், இந்தக் கஷாயம் போதும் என்றும் அனுப்புகிறது. என் அத்தை அப்படி ஒன்றை நம்பி மாத்திரையை நிறுத்தினார். கால் விரலில் வந்த புண் ஆறவே இல்லை, இரண்டு விரல்களை எடுத்தார்கள். அனுப்பியவர் சொந்தக்காரர், பெரியவர். "எப்படித் தெரியும் அண்ணா?" என்று கேட்க அத்தைக்கு வாய் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே கேட்க விட்டதில்லை, எப்படி வரும்?

இதையெல்லாம் அந்த சார்மேல் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவர் நல்லவர். வெள்ளத்தின்போது முதல் மாடியில் எல்லோருக்கும் சமைத்துப் போட்டவர். அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. "நீ சொன்னதைப் பார்த்துச் சொல்றேன்மா" என்று ஒரு வார்த்தை. அது போதும். அந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை பேர் சேர்ந்து அவருக்குக் காவல் நிற்கிறீர்கள். அந்தப் பிள்ளை பக்கம் நிற்க ஒருவர்கூட வரவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அன்றைக்கு எல்லோரும் இறங்கிப் போனபின் பாயைச் சுருட்டும்போது நாலாக மடித்த நோட்டுத் தாள் ஒன்று கிடைத்தது. அவள் கையெழுத்து. "ராஜராஜ சோழன் மிளகாய் சாப்பிட்டதே இல்லை. மிளகாய் அமெரிக்காவில் இருந்து வந்தது. போர்ச்சுகீசியர்கள் கொண்டு வந்தார்கள். அதற்கு முன்னாடி நம்ம ஊரில் மிளகுதான் காரம்." கீழே அடைப்புக்குறிக்குள், "எப்படித் தெரியும் என்று கேட்டால்: லைப்ரரி புக், வாஸ்கோ ட காமா வந்தது 1498" என்று எழுதிவைத்திருந்தாள்.

யாரும் கேட்காமலே கேள்விக்குப் பதில் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறாள்.

தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வருகிற ஞாயிறு ஆறு மணிக்கு மாடியில் பாய் விரிப்பேன். முதல் முறை அவளுக்கு. சார், நீங்களும் வாருங்கள்.