பாராமகாலில் ஓசூர் எப்போது சேர்ந்தது?

பாராமகால் என்ற பழைய சீமையைப் பற்றிய அந்த வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மேல் நின்று பேசுகிறவர் கடைசிவரை ‘பரமஹால், பரமஹால்’ என்றே சொல்கிறார். நடுவில் ஏதோ ஒரு அரண்மனைப் படம். அப்புறம் ஒரு வரைபடம்: இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் முழுக்க மஞ்சள். ஓசூர் உள்ளே, திருப்பத்தூர் வெளியே.

அது பரமஹால் இல்லை, பாராமகால். ‘பாரா’ என்றால் உருதுவில் பன்னிரண்டு, அந்தக் கணக்கே அந்த நெடிலில்தான் இருக்கிறது. மகால் என்றது வரி வசூலித்த நிலப்பகுதியை, மாளிகையை அல்ல. அந்தப் பன்னிரண்டும் எந்தெந்தக் கோட்டைகளைச் சேர்ந்தவை என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் மாறும், ஒத்துக்கொள்கிறேன். எல்லையில் அப்படிப்பட்ட குழப்பம் இல்லை. 1792 சீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த பாராமகால் என்பது கிருஷ்ணகிரி, தருமபுரி, ஊத்தங்கரை, திருப்பத்தூர் பக்கம். கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலம் அளந்து, விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரிக்கு வழி போட்டது இங்கேதான். ஓசூர்ப் பக்கம் 1799ல், திப்பு இறந்த பிறகு வந்தது. அதற்குப் பெயரே வேறு, பாலாகாட், அதாவது கணவாய்க்கு மேலே உள்ள நாடு. பஸ்ஸில் போனாலே தெரியுமே, சூளகிரி தாண்டி மேடேற ஏற ஜன்னல் காற்று மாறிவிடும்.

இதையெல்லாம் வீடியோவின் கீழே எழுதினால், ‘ஓசூர்க்காரங்க மேல என்ன காண்டு?’ என்று ஒருவர் கேட்கிறார். ஒன்றும் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004ல். 2004ல் போட்ட மாவட்ட எல்லையைத் தூக்கி 1792 மேல் வைக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

‘உச்சரிப்புல என்ன சார் இருக்கு?’ என்று இன்னொருவர். இதற்குத்தான் மனசு விட்டுப்போனது. என் அம்மா பிறந்தது திருப்பத்தூர்ப் பக்கம். தாத்தா போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மாடு ஓட்டி வருவார். தோளில் தும்புக்கயிறு, துண்டு முடிச்சில் காசு. எந்தச் சீமை என்று யாராவது கேட்டால் ‘பாராமகால்’ என்பார், அந்த ‘பா’வை நன்றாக இழுத்து. 1911லேயே திருப்பத்தூரை வட ஆற்காட்டில் சேர்த்துவிட்டார்கள். அவர் வாயிலிருந்து அதை யாராலும் பிரிக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் போகாத மனிதர். அவர் சரியாகச் சொன்னதை, கேமராவோடு மலையேறுகிறவர் சரியாகச் சொல்லக்கூடாதா?

மரியாதையாகத்தான் எழுதினேன். சிரிப்பு எமோஜி போட்டார்கள். மறுநாள் என் கமெண்டையே காணோம். ‘நல்லது செய்றவங்களைக் குறை சொல்லாதீங்க’ என்று இன்பாக்ஸில் அறிவுரை வேறு. தட்டக்கல், மகாராஜகடை, ஜெகதேவிக் கோட்டைகள் கேட்பாரற்றுக் கிடக்கும்போது ஒருவர் கோட்டையைப் பற்றிப் பேசுகிறாரே என்று முதலில் சந்தோஷப்பட்டவனே நான்தான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு. சார்ட் பேப்பரில் அதே மஞ்சள் வரைபடம், மேலே ஸ்கெட்ச்சில் ‘பரமஹால்’. திருப்பத்தூரையும் சேர்த்துப் போடும்மா என்றேன். ‘வீடியோல இல்லையே அங்கிள்’ என்கிறாள். அந்தக் குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்ல? வீடியோ போட்டவர்தான் சொல்லவேண்டும். வரைபடத்தை மாற்றிப் போடுங்கள், முதல் ஆளாக நானே பகிர்கிறேன்.