ரிப்பன் பிரபுவைத் தெரியும், ஊர்த் தலைவரைத் தெரியாது

2025 ஏப்ரல். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வுக்காக என் மகள் குடிமையியல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். 'உள்ளாட்சி அமைப்புகளின் தந்தை ரிப்பன் பிரபு. அரசியலமைப்பின் 73வது திருத்தம், 1992.' சும்மா வம்புக்கு, "நம்ம ஊராட்சித் தலைவர் யாரு பாப்பா?" என்றேன். விழித்தாள். அப்புறம்தான் எனக்கே உறைத்தது, அந்த நாற்காலியில் யாருமே இல்லை. 2019 டிசம்பரில் நாம் ஓட்டுப் போட்டவர்களின் காலம் ஜனவரி 5-ஆம் தேதியே முடிந்து, தலைவருக்குப் பதிலாக ஊராட்சியைக் கவனிக்க அரசு போட்ட தனி அலுவலர் வந்துவிட்டார்.

"அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல்னு புக்குல இருக்கேப்பா?"

நியாயமான கேள்வி. 2016 அக்டோபரில் அதற்கு முந்தைய உள்ளாட்சிகளின் காலம் முடிந்தபோதும் தேர்தலை மூன்று வருடத்துக்கு மேல் இழுத்தார்கள். வகுப்பில் இதைக் கேட்டாயா என்றால், புக் பேக் (பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகள்) முடிந்ததும் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்களாம். ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். 'பள்ளிக்கூடத்தில் என்ன அரசியல்?' என்று சண்டைக்குப் போவது நாம்தானே.

கட்சி வேண்டாம், சரி. ஆனால் தருமபுரிப் பிள்ளைக்கு அரசியல் குழாயிலேயே வருகிறது. ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லில் கறை ஏறிய தலைமுறை நாங்கள். எங்களுக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கர்நாடகத்தில் எதிர்ப்பு, ஜப்பான் கடன், மாநில அரசின் வேலை, கடைசியில் தொட்டியிலிருந்து தெருவுக்குத் திறந்துவிடுவது ஊராட்சி. வெளியுறவு முதல் உள்ளாட்சி வரை ஒரே குழாயில் நடத்தலாம். நாம் ரிப்பன் பிரபுவோடு நிறுத்திக்கொள்கிறோம்.

மே 1 கிராம சபைக்கு அவளைக் கூட்டிப் போனேன். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் சபை செல்லும். அவள் வாக்காளர் இல்லை, கை தூக்க முடியாது, உட்கார்ந்து பார்க்கலாம். பதிவேட்டில் இருந்த கையெழுத்துகளை எண்ணினாள். பிறகு உட்கார்ந்திருந்த தலைகளை எண்ணினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மே மாதம் பள்ளி விடுமுறை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டு நாளும் கிராம சபை உண்டு. அதே நாளில்தான் பிள்ளைகள் கொடியேற்றத்துக்கு வருகிறார்கள், மிட்டாய் கொடுத்து ஒன்பதரைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்த மிட்டாயை கிராம சபையில் வைத்துக் கொடுக்கலாமே.