மோட் ஸ்விட்ச் எல்லாம் ஃபிப்ரிலேஷன் அல்ல

பேஸ்மேக்கர் பதிவில் 'மோட் ஸ்விட்ச்' (இதயத்தின் மேலறை மிக வேகமாகத் துடிப்பதாகத் தெரிந்தால், கருவி அதைப் பின்தொடராத முறைக்கு மாறுவது) நிறைய இருந்தாலே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான், அதாவது மேலறை ஒழுங்கின்றிப் படபடக்கும் கோளாறுதான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எப்போதும் அப்படியில்லை. மேலறை லீடின் (கருவியிலிருந்து இதயத்துக்குள் செல்லும் கம்பி) நுனி, வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள டிரைகஸ்பிட் வால்வை ஒட்டி அமைந்துவிட்டால், கீழறையின் பெரிய மின் அலையும் அதன் காதில் விழும். ஒரு துடிப்பை இரண்டாக எண்ணி, மேலறை தலைதெறிக்க ஓடுவதாகக் கருவி நம்பிவிடும்! மேலறையின் பக்கச்சுவரில் பொருத்தினால் இந்தத் தொல்லை குறைவு. நுனியிலும் அதையடுத்த வளையத்திலும் என இரு மின்முனைகள் கொண்ட பைபோலார் லீடில், அவற்றின் இடைவெளி குறுகியிருந்தால் அதுவும் உதவும்.

என் அப்பாவுக்கும் இதே தொல்லைதான்; ஆனால் லீடைத் தொடவே இல்லை. கீழறைத் துடிப்புக்குப் பின் மேலறை லீட் கண்மூடியிருக்கும் நேரத்தை 100 மில்லிசெகண்டிலிருந்து 150 ஆக்கினார்கள், அவ்வளவுதான். லீட் சிற்றலைகளை உணரும் திறனை (சென்சிட்டிவிட்டி) கண்டபடி குறைத்தால் நிஜ ஃபிப்ரிலேஷனின் சிற்றலைகளும் தப்பிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதும் முன், கருவியில் சேமித்த மின்வரைபடத்தைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.